கடிதம் எந்த ஆபீஸில் கிடக்கிறது? லினக்ஸில் பாதுகாப்பு அப்டேட் தாமதமானால் பார்க்க வேண்டியவை

அக்காவின் மகள் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். 2023 செப்டெம்பர் முதல் வாரத்தில் அவளுக்கு ஒரு பழைய லெப்டொப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 21.2 என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். தீபாவளிக்கு வந்தவள் அதைக் கையோடு கொண்டுவந்தாள். திறந்து பார்த்தால் பயர்பொக்ஸ் பிரவுசர் இன்னும் 117.0 இலேயே நிற்கிறது. அதற்குள் 119 வெளிவந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. திரையின் வலது கீழ் மூலையில் அப்டேட் மேனேஜரின் கேடயப் படம், அதன் மேல் அப்டேட் காத்திருக்கிறது என்று சொல்லும் ஒரு புள்ளி.

“இதை அமுக்கவே இல்லையா?”

“அதை அமுக்கினா டேட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு அம்மா சொன்னாங்க மாமா.”

அக்கா சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்த இடைவெளியில் நடந்தது சின்ன விஷயம் இல்லை. இணையத்தில் வரும் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் நிரலில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்கென்று செய்த ஒரு படம் கண்ணில் பட்டாலே போதும், ஆள் உள்ளே வந்துவிடலாம். அதை வைத்துத் தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. மொசில்லா செப்டெம்பர் 12ஆம் திகதி 117.0.1 ஐ வெளியிட்டு அடைத்துவிட்டது. எங்கள் பிள்ளை தீபாவளி வரைக்கும் 117.0 இல் பாடக் குறிப்புத் தேடிக்கொண்டிருந்தாள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்த பிறகு, பழைய மெஷினைத் தூக்கிப் போட மனமில்லாமல் மிண்டுக்கும் உபுண்டுவுக்கும் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஹட்டன் பக்கம் எனக்கு வார இறுதியில் வேலையே அதுதான். “லினக்ஸ் போட்டாச்சு, இனி வைரஸ் பயம் இல்லை” என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே நிற்கிறது?

தோட்டத்து ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும். வீட்டு இலக்கம், வீதிப் பெயர் என்று லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் நேரே கைக்கு வராது. தோட்ட ஆபீஸுக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது எடுத்துவந்தால் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்ந்த கடிதம் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அப்பா செய்த முதல் வேலை, உறையைத் திருப்பி முத்திரையில் என்ன திகதி என்று பார்த்ததுதான். அனுப்பியவர்கள் சுணங்கினார்களா, ஆபீஸில் சுணங்கியதா என்பது அதில் தெரிந்துவிடும்.

அப்டேட்டும் இப்படி நாலு கை மாறித்தான் வருகிறது. மென்பொருளைச் செய்தவர் ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு விடுகிறார். மிண்ட், உபுண்டு, டெபியன் போன்ற சிஸ்டத்தை நடத்துகிறவர்கள் அதை வாங்கி, தங்கள் சிஸ்டத்துக்கு ஏற்ற பொதியாகக் கட்டுகிறார்கள். பல நாடுகளில் இருக்கும் மிரர் சேவர்கள் அந்தப் பொதியைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கின்றன. கடைசியாக உங்கள் மெஷின் அதை இறக்கிப் போட்டுக்கொள்கிறது. புதிதாக வருகிறவர்கள் தாமதம் என்றதும் இரண்டாவது கையைத்தான் திட்டுவார்கள். நான் திறந்து பார்த்த லெப்டொப்புகளில் பெரும்பாலும் கடிதம் நாலாவது இடத்தில், வாசலில்தான் கிடந்தது.

முதல் வேலை: சிஸ்டத்துக்கு உயிர் இருக்கிறதா?

மெனுவில் சிஸ்டம் இன்போமேஷனைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். மிண்ட் 20 வரிசைக்கு 2025 ஏப்ரலோடு கதை முடிந்தது. மிண்ட் 21 வரிசைக்கு 2027 ஏப்ரல் வரையும், 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரையும் அப்டேட் வரும். உபுண்டுவில் 22.04, 24.04 போன்ற நீண்டகாலப் பதிப்புகளுக்கு 5 ஆண்டு. 23.10 போல இடையில் வருகிறவற்றுக்கு 9 மாதம்தான். ஆசைப்பட்டு இடைப் பதிப்பைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

ஆயுள் முடிந்த சிஸ்டத்தில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. புதிதாக எதுவும் வராதபோது ‘எல்லாம் புதிதாக உள்ளது’ என்று அப்டேட் மேனேஜர் காட்டலாம். தபால் கந்தோரை மூடிய பிறகு கடிதம் வராததைப் பார்த்து, நமக்கு யாரும் எழுதவில்லை என்று நினைப்பது போல. எண் காலாவதியாகியிருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அடுத்த பதிப்புக்கு மாறுங்கள்.

இரண்டாவது: பிரவுசரின் முத்திரை

பயர்பொக்ஸில் மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று கோட்டை அமுக்கி, ஹெல்ப், பிறகு அபவுட் பயர்பொக்ஸ். வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் இந்தப் பெட்டியைத் திறந்தாலே அது தானாகப் புதுப் பதிப்பைத் தேடும். லினக்ஸில் சிஸ்டத்தோடு வந்த பயர்பொக்ஸ் அப்படித் தேடாது, அதை சிஸ்டத்தின் அப்டேட் மேனேஜர்தான் புதுப்பிக்கும். இந்த ஒன்று தெரியாமல்தான் பலர் “பயர்பொக்ஸ் தானே பார்த்துக்கொள்ளும்” என்று இருந்துவிடுகிறார்கள்.

பிறகு மொசில்லாவின் தளத்தில் இப்போதைய பதிப்பு எண்ணைப் பாருங்கள். பெரிய பதிப்பு 4 வாரத்துக்கு ஒருமுறை வரும். அவசரம் என்றால் இடையிலும் வரும். உங்கள் எண் ஒன்றிரண்டு நாள் பின்தங்கியிருந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று வாரம் என்றால் எங்கோ சிக்கல். டெபியனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே நீண்டகால ஆதரவுள்ள ஈஎஸ்ஆர் பயர்பொக்ஸ் வரும். அதன் எண் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும், அது தாமதம் இல்லை.

மூன்றாவது: எந்த வழியாக வந்தது?

இதில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லினக்ஸில் மென்பொருள் ஒரே வாசலால் வருவதில்லை.

சிஸ்டத்தை நடத்துகிறவர்கள் பொதிகளை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் இருந்து வரும் சாதாரணப் பொதி ஒரு வகை. மிண்டில் பயர்பொக்ஸ் இப்படித்தான் வருகிறது. பொதியின் எண்ணுக்குப் பின்னால் லினக்ஸ்மிண்ட் என்று வால் இருக்கும். எந்த லினக்ஸிலும் ஓடும்படி கட்டிய பிளட்பெக் இன்னொரு வகை. மிண்ட் 21.1 இல் இருந்து அதன் அப்டேட்டும் அதே அப்டேட் மேனேஜரில் தெரியும். உபுண்டுவில் பயர்பொக்ஸ், அவர்களின் சொந்தப் பொதி வகையான ஸ்னெப் வடிவில் வரும். அது ஒரு நாளைக்கு நாலு தடவை தானாகத் தேடும், ஆனால் பிரவுசர் திறந்திருந்தால் காத்திருக்கும், 14 நாள் வரைகூட. பிரவுசரை மூடாமல் லெப்டொப்பின் மூடியை மட்டும் சாத்தி வைக்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கூகுள் குரோமை அவர்கள் தளத்தில் இருந்து இறக்கிப் போட்டால் அது தன் கிடங்கையும் சிஸ்டத்தில் சேர்த்துவிடும், பிறகு கவலை இல்லை. ஒன்லைன் வகுப்புக்காக எல்லோரும் போட்ட சூம் அப்படிச் செய்யாது. 2021 இல் இறக்கிப் போட்ட சூம், நீங்கள் திரும்பப் போய் இறக்கும் வரைக்கும் 2021 சூமாகவே இருக்கும். எப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வகையும் பெரும்பாலும் அப்படித்தான். இறக்கியவர்தான் அதற்குப் பொறுப்பு.

இது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த வெப்பி ஓட்டையே நல்ல சாட்சி. ஓட்டை இருந்தது லிப்வெப்பி என்ற பொது நூலகத்தில். சிஸ்டத்தில் உள்ள படம் பார்க்கும் மென்பொருள்கள் அந்த ஒரு நூலகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதை ஒருமுறை சரிசெய்தால் அத்தனைக்கும் சேர்த்து மருந்து போட்ட மாதிரி. ஆனால் பயர்பொக்ஸும் குரோமும் அதன் பிரதியைத் தங்கள் வயிற்றுக்குள் வைத்திருக்கின்றன. எலெக்ட்ரோன் என்ற அடித்தளத்தில் கட்டிய அரட்டை மென்பொருள்கள், குறிப்பு எழுதும் மென்பொருள்கள் எல்லாம் ஆளுக்கொரு பிரதியோடு இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்த மென்பொருள், எந்த வாசலால் வந்தது. அக்கா மகளின் மெஷினில் பட்டியல் ஐந்து வரிதான். ஐந்தாவது வரி சூம்.

நான்காவது: எண் பழையதாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம்

விண்டோஸில் இருந்து வருகிறவர்களை அதிகம் குழப்புவது இது. உபுண்டு 22.04 இல், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் 3.0.2 இருக்கிறது. செய்தவர்களின் தளத்தில் பார்த்தால் அந்த எண்ணுக்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஐயோ என்று தோன்றும். உண்மையில் உபுண்டுக்காரர்கள் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் துண்டை மட்டும் பின்னுக்கு எடுத்து ஒட்டுகிறார்கள். ஓடுகிற சிஸ்டத்தில் வேறு எதுவும் மாறிக் குழம்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. பழைய சட்டைதான், கிழிசல் தைத்திருக்கிறது. தைத்த அடையாளம் எண்ணின் வாலில் இருக்கும்: உபுண்டு1 என்பதற்குப் பின்னால் புள்ளி வைத்து ஏறிக்கொண்டே போகும் இலக்கம், டெபியன் 12 என்றால் டெப்12யு1 என்பது போல ஒன்று.

அப்டேட் மேனேஜரில் ஒரு பொதியைத் தெரிவுசெய்து கீழே சேஞ்ச்லொக் என்ற மாற்றங்களின் பட்டியலைப் பார்த்தால் சிவிஇ என்று தொடங்கும் எண்கள் இருக்கும். உலகம் முழுக்க ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கப்படும் அடையாள எண் அது. உபுண்டு, டெபியன் இரண்டுக்கும் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடும் பக்கங்கள் உண்டு. உங்கள் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டதா, இன்னும் இல்லையா என்று நேராகச் சொல்லிவிடும்.

ஆனால் எல்லாப் பொதிக்கும் ஒரே கவனிப்புக் கிடைப்பதில்லை. உபுண்டுவில் மெயின் என்ற பகுதியை நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. யூனிவர்ஸ் என்ற பெரிய பகுதி சமூகத்தின் கையில். வீடியோ பார்க்கும் விஎல்சியும் படம் திருத்தும் கிம்பும் அந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே யாராவது நேரம் ஒதுக்கினால் அடைபடும், இல்லையென்றால் கிடக்கும். உபுண்டு ப்ரோ என்ற சேவையில் பதிந்தால் அந்தப் பகுதிக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். தனிப்பட்ட பாவனைக்கு 5 மெஷின் வரை இலவசம். உபுண்டு வைத்திருப்பவர் அதில் பதியாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எதற்கு முன்னுரிமை? வெளியாள் அனுப்பும் பொருளைத் திறக்கும் மென்பொருளுக்கு. முதலில் பிரவுசர், அப்புறம் மெயில், பிடிஎஃப், வீடியோ, படம். கால்குலேட்டர் ஒரு வருடம் பழசாக இருந்தால் குடிமுழுகிப் போகாது.

ஐந்தாவது: மிரர்

மிண்டில் அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவில் சொஃப்ட்வெயார் சோர்சஸைத் திறந்தால் மெயின், பேஸ் என்று இரண்டு மிரர் தெரியும். மிண்ட் உபுண்டுவின் மேல் கட்டியது; மெயின் மிண்டின் பொதிகளுக்கு, பேஸ் அடியில் இருக்கும் உபுண்டுவின் பொதிகளுக்கு (மேலே சொன்ன உபுண்டுவின் மெயின் பகுதி வேறு). உபுண்டுவின் பாதுகாப்பு அப்டேட்கள் மிரர் வழியாக இல்லாமல் அவர்களின் பாதுகாப்புச் சேவரில் இருந்தே நேராக வருகின்றன. ஆனால் மிண்டின் பயர்பொக்ஸ், மெயின் என்ற மிண்ட் மிரர் வழியாக வருகிறது. அந்த மிரர் ஒரு வாரம் தூங்கினால் உங்கள் பயர்பொக்ஸும் ஒரு வாரம் தூங்கும், மற்றதெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். மற்றவை சரியாகவும் பயர்பொக்ஸ் மட்டும் பின்தங்கியும் இருந்தால் மிரரை மாற்றிப் பாருங்கள். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஆறாவது: டேட்டா தீராமல் போடுவது

அக்கா பயந்தது சும்மா இல்லை. பல மாதம் விட்டு ஒரேயடியாகப் போட்டால் ஒரு ஜீபி, இரண்டு ஜீபி என்று போகும். அதில் பெரிய பங்கு, வைபை போன்ற வன்பொருள்களுக்கான லினக்ஸ்-ஃபர்ம்வெயார் என்ற ஒரே பொதி, தனியாகச் சில நூறு எம்பி. பயர்பொக்ஸ் அதற்குப் பக்கத்தில் எலிக்குட்டி. அப்டேட் மேனேஜரின் கீழ்ப் பட்டையில் மொத்தம் எத்தனை எம்பி என்று காட்டும். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, பயர்பொக்ஸையும் கேடயக் குறி உள்ள பாதுகாப்புப் பொதிகளையும் மட்டும் டிக் போடுங்கள். தொகை சட்டென்று இறங்கும். கனமானதை நள்ளிரவுக்குப் பிறகு இரவு டேட்டாவில் போடலாம்.

ஒரே தோட்டத்தில் ஒரே மிண்ட் பதிப்பில் நாலு லெப்டொப் இருந்தால் நாலு தடவை இறக்க வேண்டியதில்லை. ஒன்றில் ஆப்ட்-கெட் கட்டளை வழியாக அப்டேட் செய்யுங்கள். இறக்கிய பொதிகள் வார் என்ற கோப்புறைக்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் தங்கும். அவற்றைப் பென் டிரைவில் எடுத்து அடுத்த மெஷினில் அதே இடத்தில் போட்டுவிட்டு, அங்கே பட்டியலை மட்டும் புதுப்பித்து அப்டேட் கொடுங்கள். இருப்பதை அது மறுபடி இறக்காது. 

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இந்தப் பழைய லெப்டொப்புகளின் பெற்றரி பெரும்பாலும் பெயருக்குத்தான். பாதியில் அணைந்தால் அடுத்த முறை அப்டேட் மேனேஜர் ஒரு பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். டிபிகேஜி (பொதியை நிறுவும் கருவி) பாதியில் நின்றது, இந்தக் கட்டளையைக் கொடு என்று அந்தச் செய்தியே சொல்லும். அந்தக் கட்டளையை அப்படியே டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒட்டி, கடவுச்சொல்லைக் கொடுங்கள். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது வழக்கம். விட்ட இடத்தில் இருந்து முடித்துவிடும். மெஷினை அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டிய அவசியம் இல்லை. அப்படி அழித்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், மூடித் திறவுங்கள்

அப்டேட் போட்டதும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். திறந்திருக்கும் பயர்பொக்ஸ் பழையதாகவே ஓடிக்கொண்டிருக்கும். மூடித் திறந்தால்தான் புதியது வேலைக்கு வரும். சிஸ்டத்தின் மையமான கேர்னலின் அப்டேட் என்றால் மெஷினையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை ஒழுங்காக ஷட்டவுன் செய்கிற பழக்கம் இருந்தால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எல்லாம் சரி, சிஸ்டக்காரர்களே தாமதம் என்றால்?

அதுவும் நடக்கும். 2020 கடைசியில் டெபியனின் நிலையான பதிப்பில், குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசர் பல மாதங்கள் 83 இலேயே கிடந்தது. 2021 ஜனவரியில்தான் மீண்டும் ஓட்டம் பிடித்தது. பெரிய பிரவுசர் ஒன்றைத் தொண்டர்கள் சிலர் கட்டி எடுப்பது அவ்வளவு சுலபமான வேலை இல்லை. அந்த மாதிரி நேரத்தில் என் ஆலோசனை, அந்த மென்பொருளைக் கொஞ்ச நாள் தொடாமல் வேறு பிரவுசருக்கு மாறிக்கொள்ளுங்கள். தொடர்ந்து தாமதம் என்றால் செய்தவரிடமே நேராக வாங்கலாம். பயர்பொக்ஸ் 122 வந்த 2024 ஜனவரியில் இருந்து டெபியன், உபுண்டு வகைகளுக்கு மொசில்லாவே ஒரு கிடங்கு வைத்திருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் சுடச்சுட வாங்கும் ஆசையும் வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது பிடிபட்டது. புதியதை முந்தியடித்து வாங்கும் பதிப்புகளில்தான் அது புகுந்தது, மெதுவாகப் போகும் டெபியன் நிலையான பதிப்புக்கு வரவில்லை. புதிய வசதிக்குக் காத்திருக்கலாம். ஓட்டை அடைக்கும் அப்டேட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்தச் சேஞ்ச்லொக்.

மிண்டின் அப்டேட் மேனேஜரில் எடிட், பிரிபரன்ஸஸ், ஒட்டோமேஷன் என்று போனால் தானாக அப்டேட் செய்யும் தெரிவும் இருக்கிறது. வீட்டில் வைபை இணைப்பு இருப்பவர்கள் போட்டுவிடலாம். போனில் இருந்து டேட்டா எடுக்கிறவர்களுக்கு நான் அதைப் போட்டுக் கொடுப்பதில்லை, கையால்தான். போடுவதற்கு முன் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னெப்ஷொட் எடுத்து வைத்தால், ஏதாவது குழம்பினாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

அக்கா மகளுக்கு ஒரு விதி சொல்லியிருந்தேன்: சனிக்கிழமை இரவு பன்னிரண்டுக்குப் பிறகு, கேடயத்தில் புள்ளி இருந்தால் போடு. 2024 ஒக்டோபரில் ஒரு நாள், வார நாளில், வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “மாமா, பயர்பொக்ஸ் 131.0.2 வந்திருக்கு. ஒரே ஒரு ஓட்டைக்காகவாம், ஆட்கள் ஏற்கெனவே அதுக்குள்ள பூந்துட்டாங்களாம். சனிக்கிழமை வரைக்கும் வைக்கவா?”

“வைக்காதே. பகல் டேட்டாவிலேயே இப்பவே போடு. காசு போனா நான் ரீலோட் பண்ணிவிடுறேன்” என்று எழுதினேன்.